கில்டாவின் கையில் பூத்த உப்பு

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. கில்டா என்னிடம் இதை மூன்று முறை சொல்லியிருக்கிறாள். ஒரு முறை, கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனத்தன்று காலையிலிருந்தே தூறல் என்றாள். இன்னொரு முறை, வெயில் மண்டையைப் பிளந்தது என்றாள். ஊசி போட்டு ஆறு வருடமா ஏழு வருடமா என்பதும் மாறி மாறி வந்தது. ஆனால் சின்னச் சட்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மூன்று முறையும் அதே சொற்கள்தான். அதனால் மழையை விட்டுவிடுகிறேன். சட்டியை நம்புகிறேன்.

சங்குமுனையில் அப்போது அறுபது வீடுகள், ஒரு மாதா கோயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளம். ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிவிட்டிருந்தன. கோயிலுக்குப் பின்னால் நல்ல தண்ணிக் குளம் ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் நான்கு மாதம் நிற்கும். மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணி லாரி வரும். லாரி வராத வாரங்களில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, அந்தக் குடங்களைப் போலவே வாய் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊரின் மருந்தகத்துக்கு நர்ஸாக வந்தவள்தான் கில்டா. பாளையங்கோட்டைக்காரி. தனியாள்.

அவள் வந்த மூன்றாம் வருடம் டாக்டர் தில்லைநாயகி ஜீப்பில் வந்து இறங்கினார். ஆராய்ச்சிக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டி, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

“மாங்காயை நறுக்கி உப்புல போட்டா என்ன ஆகும்?”

“தண்ணி விடும். சுருங்கிப்போவும்” என்றார்கள் பெண்கள்.

“அந்தத் தண்ணியை வெளிய இழுக்கிறது யாரு?”

“உப்புதான்.”

“அவ்வளவுதான் விஷயம். உங்க உடம்பும் அப்படித்தான். கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைங்க. ஒவ்வொரு அறையும் ஒரு செல். நடுவுல கரு, அதுலதான் அந்த அறை என்ன வேலை செய்யணும்னு குறிப்பு இருக்கு. சுத்தி ஒரு சவ்வு. ரசத்துமேல மிதக்குற எண்ணெய்ப் படலம் இருக்கில்ல, அதைவிட மெல்லிசு. தண்ணி அந்தச் சவ்வுல தானா போகும், தானா வரும். எந்தப் பக்கம் உப்பு கூடவோ அந்தப் பக்கம் ஓடும். அதனாலதான் கடல் தண்ணியைக் குடிச்சா தாகம் தீராது. உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய போயிரும்.”

அமலோற்பவம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஊர் அசனத்துக்குச் சமைப்பவள் அவள்தான். குரலும் கையும் பெரிது. “அப்ப நாங்க கருவாடு ஆவாம இருக்கதுக்கு வழி சொல்ல வந்திருக்கிய. சுருக்கமாச் சொல்லுங்கம்மா, அடுப்புல உலை கிடக்கு.”

முற்றம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

“தண்ணி மாதிரி உப்பு தானாப் போக முடியாது. அதுக்குன்னு சவ்வுல கதவு இருக்கணும். சில கதவு சும்மா திறந்து விடும். சில கதவு உப்பைப் பிடிச்சு வெளிய தள்ளும். தள்ளுறதுக்குத் தெம்பு வேணும், நீங்க சாப்பிடுற சோறுதான் அந்தத் தெம்பு. கழிமுகத்துல அலையாத்தி மரம் பாத்திருக்கீங்கல்ல? அதோட இலையில உப்புப் பூத்திருக்கும். உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு உப்பை மட்டும் இலை வழியா தள்ளிவிடுது. அந்தக் கதவை எப்படிச் செய்யறதுங்கிற குறிப்பை உங்க குடல்லயும் தோல்லயும் இருக்கிற செல்லுக்குக் கொடுக்கப்போறோம். மூணு ஊசி. அதுக்கப்புறம் உங்க கிணத்துத் தண்ணியே போதும்.”

“வேண்டாம்னு பெறவு தோணிச்சுன்னா எடுத்திரலாமா?” என்று கேட்டவன் சிலுவை. அப்போது அவனுக்கு இருபது வயது இருக்கும். அளத்தில் உப்பு வாருகிறவன்.

“முடியாது” என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். “போட்டா போட்டதுதான். இன்னும் ரெண்டு இருக்கு. நல்ல தண்ணி உங்களுக்கு ஆகாது. ஒரு சொம்புக்கு மேல குடிச்சா செல் ஊதிப்போகும், தலை சுத்தும். குடிக்கணும்னா உப்புப் போட்டுத்தான் குடிக்கணும். அப்புறம், அஞ்சு வருஷத்துக்கு யாரும் பிள்ளை பெறக் கூடாது. உடம்பு நிலைக்கு வர அவ்வளவு நாள் ஆகும்.”

சிலுவைதான் முதலில் கில்டாவைத் திரும்பிப் பார்த்தான். “நர்ஸக்கா போட்டுக்கிட்டா நானும் போடுதேன்.”

அறுபது வீட்டுக் கண்களும் அவள் பக்கம் திரும்பின.

கில்டா மருந்தகத்துக்குள் போனாள். பெட்டியில் மருந்துக் குப்பிகள் ஒரு பக்கம். மருந்தைக் கலக்கும் வெறும் தண்ணீர்க் குப்பிகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். அவள் கை மருந்துப் பக்கம் போனது. ‘போட்டா போட்டதுதான்’ என்ற குரல் காதில் கேட்டது. கை நின்றது. பிறகு தண்ணீர்ப் பக்கம் போனது. முற்றத்துக்கு வந்து, எல்லாரும் பார்க்கத் தன் தோளில் தானே ஊசியைக் குத்திக்கொண்டாள். பயம்தான், வேறொன்றும் இல்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள், அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முந்நூறு பேருக்குத் தன் கையாலேயே மூன்று மூன்று ஊசிகள் போட்டு முடித்தாள். அதற்குப் பிறகு மாதாமாதம் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துச் சோதனைக்காக டாக்டருக்கு அனுப்பிவந்தாள்.

ஊர் மாறியது. உண்மையிலேயே நல்லபடியாகத்தான் மாறியது. குடங்களின் வரிசை கலைந்தது. அளத்தில் தாகமெடுத்தால் வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். குடித்து ஒரு மணி நேரம் கழித்துக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முழங்கை மடிப்பிலும் மாவு தூவியதுபோல வெள்ளையாக உப்புப் பூக்கும். துண்டால் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியூர் பஸ்ஸில் அதைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டிலிருந்து எழுந்துபோனவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் அதையும் சிரிப்பாக்கிக்கொண்டார்கள். “சங்குமுனைக்காரனுக்கு ரெண்டு சீட்டுலே, காலை நீட்டிக்கோ.”

கில்டாவுக்கு உப்புப் பூக்காது. அதனால் தினமும் காலையில் அளத்து நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, முன்கைகளில் தடவி, காயவிட்டு, பிறகுதான் மருந்தகக் கதவைத் திறப்பாள். குடிக்க அவளுக்கு மழைத் தண்ணீர் இருந்தது. மருந்தகத்தின் தரைக்கு அடியில் பழைய தொட்டி ஒன்று, மாடியில் விழும் மழையெல்லாம் குழாய் வழியாக அதில்தான் இறங்கும். தொட்டியில் விரிசல் விட்டுவிட்டது, தண்ணீர் நிற்பதில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாள்.

யார் வீட்டுக்கு ஊசி போடவோ கட்டுப்போடவோ போனாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். முதல் சில மாதங்கள் “இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்” என்று சமாளித்தாள். பிறகு அந்தத் தொல்லையும் குறைந்தது. அவளைப் பார்த்ததும் நுங்கு வெட்டினார்கள். பதநீர் ஊற்றினார்கள். இளநீர் சீவினார்கள். நர்ஸுக்கு ஊர் செய்யும் மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலை இல்லாத காலைகளில் அவள் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டால், செங்கல்லுக்கு உள்ளே இருக்கிற மெல்லிய பை சுவரை விட்டு விலகிச் சுருண்டு, நடுவில் ஒண்டிக்கொள்ளும். வெளிச்சுவர் மட்டும் அப்படியே நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் பை மெதுவாக விரிந்து வந்து மறுபடி சுவரைத் தொடும். தொடுகிற அந்தக் கணத்துக்காக அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள்.

ஊசி போட்ட இரண்டாம் வருடம் ஊர்க் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. நல்ல தண்ணிக் குளம் யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது, கரையை வெட்டிக் கடல் நீரைப் பாய்ச்சினால் நல்ல அளமாகும் என்றார்கள். உப்பு வாரிப் பிழைக்கிறவர்களுக்கு இதைவிட இயல்பான யோசனை வேறென்ன இருக்க முடியும்? லாரியையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். கில்டா அந்தக் கூட்டத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். குளத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நா எழுந்தது. ‘உனக்கெதுக்கு நல்ல தண்ணி?’ என்று யாராவது கேட்டால்? அவள் பேசவில்லை. அடுத்த மாசியில் குளத்தில் உப்பு விளைந்தது.

ஐந்து வருடக் கெடு முடிந்தது. சிலுவை அதற்கு முந்திய வருடம்தான் அதே ஊர் மெட்டில்டாவைக் கட்டியிருந்தான். ஊரில் முதலில் கருவுற்றவள் மெட்டில்டாதான். அறுபது வீட்டுக்கும் அது சொந்தக் கர்ப்பம் ஆனது. அவள் தெருவில் நடந்தால் நான்கு பேர் கூடவே நடந்தார்கள். “ஏலே சிலுவை, அவளைக் கிணத்தடிக்கு அனுப்பாத. உனக்குக் கை இல்லையா? உப்பு வாரத் தெரியுது, குடம் தூக்கத் தெரியாதா?” என்று அமலோற்பவம் தினமும் ஒரு முறை அவனை வைவாள்.

எட்டாம் மாதம் டாக்டர் வந்தார். மெட்டில்டாவைப் பரிசோதித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னார். “எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. உங்களுக்கு வச்ச கதவு குழந்தைக்கு வராது. அது சாதாரணக் குழந்தை. அஞ்சு வயசு வரைக்கும் ஊசியும் போட முடியாது. ஆறு மாசம் தாய்ப்பால் போதும், பால்ல ஒரு குறையும் இருக்காது. அதுக்கப்புறம் உங்க குளத்துத் தண்ணியைக் காய்ச்சிக் கொடுங்க.”

சிலுவையும் மெட்டில்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“எந்தக் குளத்துத் தண்ணி?” என்றான் சிலுவை.

“கோயிலுக்குப் பின்னாடி இருக்கே.”

“அதை அளமாக்கிட்டோமே டாக்டர்.”

டாக்டர் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. “குளத்தையா? உப்பளமாவா?” கில்டாவைத் திரும்பிப் பார்த்தார். “நீ இருந்தே இல்ல?”

கில்டா ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தவற்றையே மறுபடி எண்ணினாள்.

டாக்டர் மறுபடி தண்ணி லாரி கேட்டு எழுதிப் போட்டார். சங்குமுனை ‘நல்ல நீர் தேவைப்படாத ஊர்’ என்று பட்டியலில் இருப்பதாகவும், மாற்ற இரண்டு வருடமாவது ஆகும் என்றும் பதில் வந்தது. அன்றே சிலுவை முடிவெடுத்தான். மதுரையில் அவன் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தான். மாதா கோயில் அசனம் முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் போய்விடுவது என்றாயிற்று. அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வரும். குழந்தைக்கு ஆகும், இவர்களுக்கு ஆகாது. வருடக்கணக்கில் உப்புப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் ஆள் உட்காராமல், அங்கேயே கிடக்க வேண்டும். ஐந்து வருடம் காத்திருந்த ஊர் குழந்தையின் அழுகுரலைக் கூடக் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். கோயில் முற்றத்தில் அசன அடுப்புகள் எரிந்தன. ஊரே ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட வேண்டும் என்பது அசனத்தின் வழக்கம். கோயில் சாமியார் ஜெபித்து மந்திரிப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். ஊசிக்குப் பிறகு ஊர் உடம்புக்கு வேண்டிய உப்பு, ஊசி போடாதவர்களால் தின்ன முடியாத அளவு; அதை அமலோற்பவம் கை அளவாகத்தான் அள்ளிப் போடுவாள். அந்தக் கை தவறியதாக யாரும் சொன்னதில்லை.

கில்டா காலையிலிருந்து சாப்பிடவில்லை. அன்று கையில் அளத்து நீரும் தடவவில்லை. மறந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று அவளுக்கே தெரியாது. தொட்டியில் இரண்டாயிரம் லிட்டர் கிடந்தது. ஒரு குழந்தைக்கு அது எத்தனை வருடத்துக்கு வரும் என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். சொல்லிவிட்டால் குழந்தை இங்கே இருக்கும். தான் இருக்க முடியாது. முந்நூறு பேர் தன்னை நம்பித் தங்கள் உடம்பையே மாற்றிக்கொண்டவர்கள். எந்த முகத்தோடு மறுநாள் அவர்களுக்குக் கட்டுப்போடுவது?

பந்தியில் இலை போட்டாயிற்று. மெட்டில்டா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் துணி மூட்டை ஒன்று அப்போதே கட்டித் தயாராக இருந்தது. கில்டா அந்த மூட்டையைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

“நான் ஊசி போட்டுக்கல” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் எல்லாருக்கும் கேட்டது.

“அன்னைக்கு நான் போட்டுக்கிட்டது வெறும் தண்ணி. பயந்துட்டேன். உங்களுக்கெல்லாம் போட்டுவிட்டேன், நான் போட்டுக்கல. மருந்தகத் தொட்டியில விரிசல் இல்ல. அதுல நல்ல தண்ணி இருக்கு, நிறைய இருக்கு. குளத்தை அளமாக்கப் போறோம்னு நீங்க பேசும்போது வேண்டாம்னு தோணியும் வாயைத் திறக்கல. மெட்டில்டா போக வேண்டாம். பிள்ளைக்கு அந்தத் தண்ணி போதும். நான் வேணும்னா போயிருதேன்.”

கடைசிச் சொல்லில் பாளையங்கோட்டை எட்டிப் பார்த்தது. இத்தனை வருடமாக அவள் ஜாக்கிரதையாகப் பேசிவந்த பேச்சு அவளை விட்டுப் போய்விட்டிருந்தது.

யாரும் எழவில்லை. யாரும் திட்டவில்லை. பந்தியில் நிறையப் பேர் அவளைப் பார்க்காமல் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள்.

அமலோற்பவம் கரண்டியை அண்டா விளிம்பில் தட்டி வைத்தாள். “சொல்லி முடிச்சிட்டியா?”

கில்டா தலையாட்டினாள்.

“ஏட்டி, எங்களை என்னன்னு நினைச்ச? நாங்க மூணு தலைமுறையா உப்பு வாருதவங்க. உன் கையில இருந்தது அளத்து உப்பு. கட்டங்கட்டமா மினுங்கும். உடம்புல பூக்குத உப்பு மாவு மாதிரில்லா இருக்கும். அதுவும் எங்களுக்குக் காதுக்குப் பொறத்தால பூக்கும், உனக்கு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியுத இடத்துல பூத்திச்சி. காலையில தண்ணி குடிக்கும் முன்னாலேயே பூத்திருந்திச்சி. அளத்துக்காரிகிட்டயா உப்பைக் காட்டி ஏமாத்துவ?”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

“உனக்கு மட்டும் எதுக்கு நுங்கு வெட்டுனோம்? எங்களுக்கு நுங்கு தின்னா தலை சுத்தும். உனக்குன்னுதான் பனைமரமே ஏறுனானுவ. தொட்டியில விரிசலாம்! மழை பெஞ்சா அதுக்குள்ள விழுற சத்தம் அந்தோணியார் தெரு வரைக்கும் கேக்கும்.”

கில்டா தன் முன்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

அமலோற்பவம் அடுப்புக்குப் பின்னால் குனிந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து வந்தாள். கில்டாவுக்கு அந்தச் சட்டியைத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அதிலிருந்துதான் அவளுக்குப் பரிமாறுவார்கள். ‘சாமியாருக்கு பிரஷர், அவருக்குன்னு உப்புக் குறைச்சு எடுத்து வச்சேன், மிஞ்சிப்போச்சு, வீணாக்காம நீ சாப்பிடு’ என்பாள் அமலோற்பவம்.

“சாமியாருக்கு பிரஷரே கிடையாது” என்றாள் அமலோற்பவம்.

பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாமியார் தன் இலையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியாமலே எனக்கு ஆறு வருஷமா பிரஷர்” என்றார்.

கில்டா உட்கார்ந்துவிட்டாள். அண்டாவில் உப்பு விழுவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் தனக்கென்று ஒரு சட்டிச் சோறும் குழம்பும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே அண்டா என்ற வழக்கத்தை ஊர் யாருக்கும் சொல்லாமல் மீறியிருக்கிறது. அவளுக்குக்கூடச் சொல்லாமல்.

“ஏன் கேக்கல?” என்றாள்.

“கேட்டா ஓடிப்போயிருப்ப. எங்களுக்கு நர்ஸு வேண்டாமா? அதுவும் போக...” அமலோற்பவம் சட்டியைக் கில்டாவின் இலைக்கு முன்னால் வைத்தாள். “ஊருல ஒருத்தியாவது நல்ல தண்ணி குடிக்கட்டுமேன்னு இருந்திச்சி.”

“அப்ப தொட்டியில தண்ணி இருக்கது தெரிஞ்சே இவங்களை மூட்டை கட்ட விட்டியளா?”

“உன் தண்ணி. நீ கொடுத்தாத்தான் கொடுத்தது. நாங்க கேட்டா அது பிடுங்குனது. நாளைக்குக் காலையில பஸ்ஸு வாரது வரைக்கும் பாப்போம்னு இருந்தேன். அப்பவும் நீ வாயைத் திறக்கலைன்னா உன் கொண்டையைப் பிடிச்சிருப்பேன்.”

மெட்டில்டா மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பக்கத்தில் இருந்தவள் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

ஆனால் சிலுவை எழுந்துவிட்டான். ஊரில் இந்த விஷயம் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவன் அவர்களில் ஒருவன். இலையை மடக்காமல் கில்டாவின் முன்னால் வந்து நின்றான்.

“நீங்க போட்டுக்கிட்டியன்னுதான் நான் போட்டேன்” என்றான்.

“தெரியும்.”

“இல்லன்னா நான் யோசிச்சிருப்பேன்.”

“ஆமா.”

“யோசிச்சும் போட்டிருப்பேனோ என்னமோ. ஆனா யோசிச்சிருப்பேன்.”

அவன் சாப்பிடாமலே போனான். அந்த வெற்று இலையை யாரும் எடுக்கவில்லை. பந்தி முடியும் வரை அது அங்கேயே கிடந்தது.

மூன்று வாரம் சிலுவை மருந்தகப் பக்கம் வரவில்லை. மெட்டில்டா மட்டும் வந்துபோனாள். “அவிய பேச மாட்டாவ, ஆனா உங்களைப் பத்திப் பேசாம இருக்கவும் மாட்டாவ” என்றாள். நான்காம் வாரம் ஒரு மத்தியானம், கையில் தேங்காய் நார்க் கட்டும் வாளியுமாக வந்து நின்றான். “மழைக்கு முன்னால தொட்டியைக் கழுவணும்லா. பிள்ளை குடிக்கப் போவுது. மூடியைத் திறங்க.” இருந்த தண்ணீரைக் குடங்களுக்கும் பீப்பாய்களுக்கும் மாற்றினார்கள். அவன் உள்ளே இறங்கித் தேய்த்தான். அவள் மேலே இருந்து வெளிச்சம் காட்டினாள். அன்று முழுதும் அவன் பேசியது “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்பது மட்டும்தான். கில்டாவுக்கு அது போதுமாக இருந்தது.

டாக்டரிடமும் அவளே சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒப்பிட்டுப் பாக்க இதே ஊர்ல, இதே சாப்பாட்டுல ஊசி போடாத ஒரு ஆள் இல்லையேன்னு ஆறு வருஷமா தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். பிறகு, “உன் பேர்ல வந்த ரத்தமெல்லாம் யாருது?” என்றார்.

“அமலோற்பவம் அக்காவோடது. ரெண்டாப் பிரிச்சு அனுப்பினேன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

கில்டா யோசித்தாள். ஒவ்வொரு மாதமும் ரத்தம் எடுக்கும்போது, “இவ்வளவு போதுமாட்டி, இன்னும் எடுத்துக்கோ” என்று கையை நீட்டிக்கொண்டே இருந்த அமலோற்பவம் நினைவுக்கு வந்தாள். “தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. பெண். ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார்கள். சித்திரையில் வெயில் ஏறிய ஒரு காலையில், அவளுக்கு முதல் முறையாகத் தண்ணீர் கொடுக்க ஊரே மருந்தக வாசலில் கூடியது. கில்டா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சங்கில் ஊற்றி மெட்டில்டாவிடம் கொடுத்தாள். குழந்தை ஒரு வாய் குடித்தது. இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தது.

அமலோற்பவம் கில்டாவின் காதோரம் குனிந்தாள். “நல்ல தண்ணி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. எப்படிட்டி இருக்கும்?”

கில்டா சொல்லப் பார்த்தாள். இனிப்பு என்றால் பொய். ஒன்றுமே இல்லை என்றாலும் பொய். ஆறு வருடமாக அதைத் தனியாகவே குடித்துவந்ததில் அவளுக்குச் சொல் ஒன்றும் சேரவில்லை. அமலோற்பவமும் பதிலுக்காக அவசரப்படவில்லை. இருவரும் நின்று குழந்தை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளத்தின் கரையை மறுபடி கட்டினார்கள். மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வாரி வெளியே கொட்டினார்கள். மூன்று மழை அதைக் கழுவியது. நான்காம் மழையில் தண்ணீர் குடிக்க ஆனது. அதற்குள் ஊரில் இன்னும் ஒன்பது குழந்தைகள் பிறந்திருந்தன.

டாக்டர் தில்லைநாயகி ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் இருக்கிறார். வருடம் ஒரு முறை குழந்தைகளைப் பார்க்க வருகிறார். சாமியார் மாற்றலாகிப் போன ஊரில் அவருக்கு உண்மையாகவே பிரஷர் வந்துவிட்டது. அமலோற்பவம் ஐந்து வருடம் முன்பு இறந்தாள். நல்ல தண்ணிக் குளத்திலிருந்து குடம் எடுத்து அவளைக் குளிப்பாட்டினார்கள். சிலுவை இப்போதும் உப்பு வாருகிறான். கில்டாவுடன் பேசுகிறான்; சில நாள் பேசுவதில்லை. மெட்டில்டாதான் இப்போது அசனத்துக்குச் சமைக்கிறாள். ஸ்டெல்லாவுக்குப் பதினாறு வயது. ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை. கில்டா ஊசி போட்டுக்கொள்ளவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் அசனத்தன்று, அண்டாவில் உப்பு விழுவதற்கு முன், அவளுக்கும் குழந்தைகளுக்கும் சோறு பிரித்து வைக்கப்படுகிறது. சின்னச் சட்டி போதாமல் போய், பெரிய சட்டி ஒன்று வாங்கினார்கள்.